ரெமிஜியஸ் பையில் குப்பைமேனி

லிங்கராஜபுரத்தில் ரெமிஜியஸ் வீடு எது என்று கேட்டால், "கிடார் ரெமிஜியஸா, லிஃப்ட் ரெமிஜியஸா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கிடார்க்காரர் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசிப்பவர். இது லிஃப்ட்காரரைப் பற்றியது.

முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அறுபத்து மூன்று வயது. வேலைக்குப் போன காலத்தில் அவருடைய தோல் பையில் ஸ்பானர்கள், டார்ச், வெளியிலிருந்து லிஃப்ட் கதவைத் திறக்கிற முக்கோணச் சாவி, கிரீஸ் டப்பா எல்லாம் இருக்கும். மழைக்காலத்தில் இன்னொன்றும் இருக்கும்: ஈரத்துணியில் சுற்றிய ஒரு களைச்செடி, வேரோடு.

குப்பைமேனிதான். காலி மனையிலும் சாக்கடை ஓரத்திலும் யாரும் விதைக்காமல் முளைத்து நிற்குமே, அது. இலையை உப்பு வைத்துக் கசக்கித் தடவினால் அரிப்பு அடங்கும் என்பது பலருக்கும் தெரியும். அதன் வேரைப் பற்றித்தான் அவ்வளவாகத் தெரியாது. பிடுங்கிய ஈர வேரின் வாசனைக்குப் பூனைகள் எங்கிருந்தாலும் வந்து சேரும். வேரைக் கடிக்கும், அதன் மேலேயே புரளும். இந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு.

ரெமிஜியஸுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தொண்ணூற்று இரண்டில் காக்ஸ் டவுனில் ஒரு கட்டடத்தில் உதிரிபாகம் வருவதற்காகப் பகல் முழுக்கக் காத்திருந்தார். பக்கத்துக் காலி மனையில் உட்கார்ந்து, கைக்கு வேலை இல்லாமல் களையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மூன்று பூனைகள் அவரைச் சுற்றி மல்லாந்து கிடந்தன. சாப்பாட்டு டப்பாவில் மீன்கூட இல்லை, தயிர் சாதம்தான் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அதைப் பார்த்ததும் அவருக்கு முந்தைய வருடம் நினைவுக்கு வந்திருக்கிறது. இன்ஃபன்ட்ரி ரோட்டில் ஒரு லிஃப்டைச் சரிசெய்து முடித்ததும், லிஃப்டுக்கு அடியிலிருக்கிற குழியை எட்டிப் பார்க்காமலே "க்ளியர்" என்று குரல் கொடுத்துவிட்டார். மேலேயிருந்தவர் சுவிட்சைப் போட்டார். லிஃப்ட் இறங்கி வந்தது. குழிக்குள் ஒரு பூனை இருந்தது. இதற்கு மேல் அவர் அதைச் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை.

பழைய கட்டடங்களின் லிஃப்ட் குழிகளில் பூனை இறங்குவது வாரம் ஒன்றாவது நடக்கும் என்கிறார். வேரை வைத்து அவர் வெளியே எடுத்த பூனைகளுக்குக் கணக்கில்லை. கம்பெனியில் அவருக்குப் பூனை மேஸ்திரி என்றே பெயர். அவர் மனைவி பிரிஜெட்டுக்கு மட்டும் இதில் பெரிய மரியாதை கிடையாது. "என் பீரோ சாவியத் தேடித் தரச் சொன்னா நாலு நாளு ஆவும். பூனைனா பத்து நிமிஷம்" என்பார்.

அவர்களுடைய மகள் டீனா கதை எழுதுகிறாள். புத்தகமாக அல்ல, போனில் கேட்கிற ஒலித்தொடராக. ராஜாக்கள், பறக்கும் குதிரைகள், பேசும் ஏரி எல்லாம் உண்டு. அதன் கதாநாயகி கஷாயம் காய்ச்சுகிற மந்திரக்காரி. முப்பதாவது பாகத்திலோ என்னவோ, தொலைந்துபோன உயிர்களைத் திரும்ப அழைக்க அவள் ஒரு கஷாயம் வைக்கிறாள்: மழைத்தண்ணீர், ஏழு குப்பைமேனி இலை, அந்தி நேரம். கேட்கிறவர்களுக்கு அந்தப் பாகம் மிகவும் பிடித்துப்போனது.

ரெமிஜியஸ் ஒரு பாகம் விடாமல் கேட்பவர். அதைக் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார்.

"இலை இல்லம்மா. வேர்."

"டாடி, வேர்னா அவ உக்காந்து மண்ணத் தோண்டணும். இலைன்னா பறிச்சாப் போதும். ஒரு பாகம் எட்டு நிமிஷம்தான்."

அன்று மத்தியானம் சாப்பிடும்போது, முப்பத்தெட்டு வருஷ வேலையைக் கதையில் வருகிற ஒரு பொம்பளைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள், அதையும் தப்பாகக் கொடுத்துவிட்டாள் என்று பிரிஜெட்டிடம் சொல்லியிருக்கிறார்.

டீனா குடியிருப்பது நானும் குடியிருக்கிற கட்டடத்தில்தான். அவள் மூன்றாவது மாடி, நான் நான்காவது. ஆறு மாடிக்கும் ஒரே லிஃப்ட். நான் பினாங்கிலிருந்து வேலைக்காக இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது. இன்னமும் லிஃப்டின் கதவு மூடித் திறக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதனால் ஆகஸ்ட் மாதத்து அந்த வெள்ளிக்கிழமை நடந்தது எல்லாம் எனக்கு நிமிடக் கணக்கில் ஞாபகம் இருக்கிறது.

ஆறாவது மாடியில் ரத்தினம்மாள் இருக்கிறார். எழுபத்தொரு வயது. சிறுநீரகம் வேலை செய்யாததால் வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். செவ்வாய்க்கிழமை கையில் ஊசி சரியாக ஏறவில்லை என்று பாதியிலேயே நிறுத்தி அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அவருடைய இரண்டு கால்களும் வீங்கியிருந்தன. மத்தியானம் இரண்டரைக்கு அவருடைய முறை. அதைத் தவறவிட்டால் இயந்திரம் அடுத்தவருக்குப் போய்விடும், பிறகு திங்கட்கிழமைதான். அதுவரை தாங்காது என்று டாக்டர் சொல்லியிருப்பதாக அவர் மகள் சௌம்யா எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். ஒன்றே முக்காலுக்கு அவர்கள் கிளம்ப வேண்டும்.

ரத்தினம்மாளின் பூனைக்குப் பெயர் கலெக்டரம்மா. தினமும் காலையில் ஆறாவது மாடியிலிருந்து படி வழியாக இறங்கி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பார்த்துவிட்டுப் போகும். அதனால் அந்தப் பெயர்.

அன்று லிஃப்டைப் பராமரிக்க தினேஷ் என்ற மெக்கானிக் வந்திருந்தார். லிஃப்டை இரண்டாவது மாடியில் நிறுத்தி, மின்சாரத்தை அணைத்து, கீழ்த்தளக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் துடைக்கிற துணி எடுக்க ஸ்கூட்டருக்குப் போனார். இரண்டு நிமிடம் இருக்கும். அதற்குள் கலெக்டரம்மா மேற்பார்வைக்கு வந்து, திறந்திருந்த கதவையும் விட்டுவைக்காமல், ஐந்தடி ஆழக் குழிக்குள் இறங்கிவிட்டாள்.

தினேஷ் மீன் வைத்துப் பார்த்தார். சௌம்யா பால் வைத்துப் பார்த்தாள். பூனை, லிஃப்டுக்கு ஈடாக ஏறி இறங்குகிற எதிர் எடைக்கு முன்னால் போட்டிருக்கிற தகரத் தடுப்புக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. தினேஷுக்கு அதற்கு முந்தைய மாதம்தான் வேறொரு கட்டடத்தில் பூனை கடித்து ஐந்து ஊசி போட்டிருந்தது. இறங்க மாட்டேன் என்றார்.

அப்போதுதான் எனக்கு டீனாவின் கதை நினைவுக்கு வந்தது. என்னிடம் குப்பைமேனி இலைப்பொடி இருந்தது. முகத்துக்குப் பூச சிவாஜிநகர் நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது. டீனா அன்று அலுவலகத்துக்குப் போயிருந்தாள், இல்லையென்றால் கேட்டிருப்பேன். நாலு மாடி படியேறி எடுத்து வந்து, குழிக்குள் ஒரு கைப்பிடி தூவினேன்.

பூனை தும்மியது. தொடர்ந்து தும்மியது. பிறகு தடுப்புக்குள் இன்னும் உள்ளே போய், கண்ணுக்கே தெரியாமல் ஆகிவிட்டது.

மணி பன்னிரண்டு. குடியிருப்போர் சங்கச் செயலாளர் பாலகுமார் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். காதில் மீட்டிங்கோடு இறங்கி வந்தார். நல்ல மனிதர், முடிவு எடுக்க வேண்டிய ஆள்.

"ஒரு மணி வரைக்கும் பாப்போம். அப்புறம் லிஃப்ட மெதுவா ஓட்டிப் பாக்கலாம் தினேஷ். சத்தம் கேட்டா அதுவே ஓடி வந்திரும்" என்றார்.

"ஓடி வரலைன்னா சார்?" என்றாள் சௌம்யா.

"ஒரு பக்கம் உங்க அம்மா, ஒரு பக்கம் பூனை. நான் என்ன பண்றது சொல்லுங்க."

"அம்மா லிஃப்ட்ல ஏற மாட்டேன்றாங்க. உள்ள அது இருக்கறப்போ லிஃப்ட ஓட்டினா, அப்புறம் அந்த லிஃப்ட்ல நான் கால வெக்க மாட்டேன்னு கதவப் புடிச்சிட்டு நிக்கறாங்க."

ரத்தினம்மாளை நாற்காலியில் தூக்கி இறக்கலாம் என்று யாரும் பேச்செடுக்கவில்லை. போன கோடையில் மின்சாரம் போனபோது அப்படி இறக்கி, நாலாவது மாடித் திருப்பத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் ஒடிந்துபோனது. அதற்குப் பிறகுதான் அவருக்கு இடுப்பில் கம்பி வைத்தார்கள்.

ரெமிஜியஸ் பன்னிரண்டே காலுக்கு வந்தார். மகள் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு பிரிஜெட் கட்டிக் கொடுத்த கேரியரை ஒயர்கூடையில் வைத்து எடுத்து வருவது அவர் வழக்கம். கூட்டத்தைப் பார்த்தார். குழியை எட்டிப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"இங்க யாரு பவுடர் போட்டது?"

நான்தான் என்றேன்.

"பூனைக்கு ஃபேஷியலா மேடம்?"

யாரோ சிரித்தார்கள். கதையில் இலை என்றுதான் வந்தது என்றேன். அவர் கேரியரைக் கூடையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"கதை எழுதினவ வரட்டும், அவகிட்ட பேசிக்கறேன். இப்ப எனக்கு ஒரு செடி வேணும். வேரோட."

எங்கள் கட்டடத்தைச் சுற்றி ஒரு புல்கூடக் கிடையாது. எல்லாம் சிமென்ட் கல். கல்லுக்கு நடுவில் எது முளைத்தாலும் வியாழக்கிழமை பிடுங்கிவிட வேண்டும் என்பது சங்கத்தின் உத்தரவு. முந்தைய நாள்தான் வியாழக்கிழமை. தெருவில் அந்த வாரம் சாக்கடைக்குப் புதுக் கல் பதித்திருந்தார்கள். ரெயில்வே பாதை ஓரம் நிறைய இருக்கும், போய் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்று ரெமிஜியஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

துடைப்பத்தோடு நின்றிருந்த யசோதா அப்போது வாயைத் திறந்தார். கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர் அவர். ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார்.

"குப்பி கிட, குப்பைமேனிதானே அண்ணா கேக்கறீங்க? ஒண்ணு இருக்கு."

"எங்க?"

யசோதா பாலகுமாரைப் பார்த்தார். "சார் திட்டலைன்னா சொல்றேன்."

"சொல்லுங்கம்மா" என்றார் பாலகுமார்.

"ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால. ஆறு மாசமா விட்டு வெச்சிருக்கேன். இந்த ஃபினாயிலு, சோப்புத்தூளு பட்டு கை பாருங்க." உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். தோல் வெடித்து, விரல் இடுக்கெல்லாம் சிவந்திருந்தது. "தெனம் ரெண்டு எலை உப்பு போட்டுத் தேச்சிக்கறேன். அத்தப் புடுங்கினா எனக்கு ஒண்ணும் இருக்காது."

ரெமிஜியஸ் அந்தக் கைகளைக் குனிந்து பார்த்தார்.

"பாதி வேர் எடுத்தாப் போதுமான்னு பாக்கலாம் யசோதா."

"பாதி வேரு எடுத்தா மீதிச் செடி செத்துப்போவும். சும்னே பேசிட்டு நிக்காதீங்க அண்ணா, மேல அந்தம்மா நிக்குது. ஆனா நீங்க புடுங்க வேணாம். நானே புடுங்கறேன்."

போய்ப் பிடுங்கி வந்தார். முழங்கால் உயரச் செடி. வேரில் மண் ஒட்டியிருந்தது. இலைகளை மட்டும் உருவித் தன் முந்தானையில் முடிந்துகொண்டு, தண்டையும் வேரையும் ரெமிஜியஸிடம் கொடுத்தார்.

அவர் வேரைக் குழாயடியில் கழுவினார். தினேஷிடம் கட்டிங் பிளேயர் வாங்கி அதன் தோலை ஆங்காங்கே நசுக்கினார். நூல் கட்டிக் குழிக்குள் தொங்கவிட்டார். பிறகு எங்களைப் பார்த்து, "எல்லாரும் படிக்கட்டுக்குப் போயிடுங்க. பேசாதீங்க. சார், உங்க மீட்டிங்கையும் கொஞ்சம் மூடுங்க" என்றார்.

நாங்கள் படிக்கட்டில் உட்கார்ந்தோம். மணி பன்னிரண்டே முக்கால். அவர் வாசற்படியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, நூலை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம். பத்து. என் பொடி வாசனைதான் வேரை மறைக்கிறதோ என்று எனக்குப் பட்டது. பாலகுமார் போனில் மணி பார்த்தார். ஒன்று. யாரும் அதைச் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒன்று பத்துக்கு நூல் லேசாக இழுபட்டது.

ரெமிஜியஸ் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இழுபட்டது. அவர் நூலை மெல்லத் தளர்த்தினார். குழிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, பழைய தையல் மெஷின் மாதிரி.

"வந்துட்டாங்க கலெக்டரம்மா" என்றார், குரலை உயர்த்தாமல். "தினேஷ், ஏணி."

"அங்கிள், உங்க முட்டிக்கு இது வேணாம். நான் எறங்கறேன்."

"நீ ஊசி போட்ட ஆளு. அது இப்ப கடிக்காது, ஆனா நீ நடுங்கினா அதுவும் நடுங்கும். ஏணியப் புடி. பிட் சுவிட்ச் எங்க இருக்கு இதுல?"

"இடது பக்கம் அங்கிள். உங்க காலத்துல வலது பக்கம் இருக்கும்."

"இது தெரியாமதான் எறங்க இருந்தேன்" என்றார். குழியில் ஆள் இருக்கும்போது லிஃப்ட் நகராமல் தடுக்கிற அந்தச் சுவிட்சை தினேஷ் குனிந்து அணைத்தார். ரெமிஜியஸ் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார். கொஞ்ச நேரத்தில் ஒயர்கூடை மேலே வந்தது. உள்ளே கலெக்டரம்மா மல்லாந்து கிடந்தாள். நான்கு கால்களாலும் வேரைக் கட்டிப் பிடித்திருந்தாள். வாயோரம் எச்சில் வழிந்தது. முகமெல்லாம் என் பொடி.

மணி ஒன்று இருபத்தேழு. சௌம்யா கூடையை வாங்கிக்கொண்டு படியேறி ஓடினாள். பாலகுமார் மூச்சு விட்டார்.

"போதும் சார், மேல வாங்க. லிஃப்ட போட்டுரலாம்."

"இருங்க."

குழிக்குள் டார்ச் வெளிச்சம் நகர்ந்தது. ஒரு மூலை, அடுத்த மூலை. ஸ்பிரிங்குக்கு அடியில். தகரத் தடுப்புக்குப் பின்னால். அங்கே குனிய அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

"சார், பூனை வெளிய வந்தாச்சே. ஒண்ணுதான் உள்ள போச்சு" என்றார் பாலகுமார்.

"ஒண்ணு போனத நீங்க பாத்தீங்களா?"

பாலகுமார் பார்க்கவில்லை. நாங்கள் யாருமே பார்க்கவில்லை. குரலைக் கேட்டு எட்டிப் பார்த்தபோது அது ஏற்கெனவே உள்ளே இருந்தது.

உள்ளே வேறு எதுவும் இல்லை. ஒரு சீப்பு, ஒரு பழைய ரசீது, அவ்வளவுதான். அவர் ஏறி வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்ற பிறகுதான் "க்ளியர்" என்றார். தினேஷ் மின்சாரத்தைப் போட்டார்.

லிஃப்ட் வந்ததும் பாலகுமார் ஏறப் போனார். ரெமிஜியஸ் கையைக் குறுக்கே நீட்டினார். குழிக்குள் இறங்கியவன்தான் முதலில் தனியாக ஏற வேண்டும் என்பது அவருடைய வழக்கம். ஏதாவது ஆனால் அவனுக்கே ஆகட்டும் என்பதற்காக. கதவு மூடியது. எண்கள் ஒவ்வொன்றாக மாறி ஆறில் நின்றன. அங்கே கொஞ்ச நேரம் நின்றன. பிறகு இறங்க ஆரம்பித்தன.

கதவு திறந்தபோது உள்ளே ரத்தினம்மாள் சக்கர நாற்காலியில் இருந்தார். வீங்கிய கால்கள், மடியில் மருத்துவமனை ஃபைல். சௌம்யா பின்னால், ரெமிஜியஸ் பட்டன் பக்கத்தில்.

"ஏன் தம்பி, அதுக்கு என்னா குடுத்த நீ? குடிகாரன் மாதிரி சோபாவுல உருளுது."

"அரை மணி நேரத்துல தெளிஞ்சுடும் ரத்தினக்கா. நீங்க கெளம்புங்க."

"நாளைக்கு எனக்கும் அதுல கொஞ்சம் குடு."

மணி ஒன்று நாற்பத்தெட்டு. மருத்துவமனைக்குப் போய்ச் சேர இரண்டு நாற்பது ஆகியிருக்கிறது. நர்ஸ் திட்டியிருக்கிறார், ஆனால் இயந்திரத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. நாலு மணிக்கு, டயாலிசிஸ் நல்லபடியாக நடந்துகொண்டிருக்கிறது என்று சௌம்யாவிடமிருந்து குடியிருப்போர் குழுவுக்குச் செய்தி வந்தது. அதைப் படித்த பிறகுதான் அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை என்பது எனக்கு உறைத்தது.

சாயங்காலம் டீனா வந்தாள். கீழே காலிக் கேரியரோடு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் நேராகப் போனாள். எல்லாவற்றையும் குழுவில் படித்திருந்தாள்.

"சாரி டாடி. அடுத்த பாகத்துல வேருன்னு மாத்திடறேன். அவளே சொல்ற மாதிரி, தப்பா சொல்லிட்டேன்னு."

ரெமிஜியஸ் முட்டியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார்.

"எத்தன பேரு கேக்கறாங்க உன் கதைய?"

"இப்ப ஒரு லட்சம் இருக்கும்."

"அப்ப வேணாம். இலைன்னே இருக்கட்டும்."

"இத்தன நாளா அதுக்குத்தானே கோவம்?"

"கோவம்தான். ஆனா லட்சம் பேரும் வேருக்குப் போயிட்டா? இன்னிக்கு ஒரு செடி இருந்திச்சி, அதுவும் யசோதா விட்டு வெச்சதால. இலையப் பறிச்சா செடி திரும்பத் துளிர்க்கும்." பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே அவளிடம், "ஆனா பவுடர் போடாதீங்கன்னு மட்டும் ஒரு வரி சேத்துடு" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் அவர் ரெயில்வே பாதை ஓரம் போய், மூன்று செடிகளை மண்ணோடு பெயர்த்து, பெயின்ட் டப்பாவில் நட்டு எடுத்து வந்தார். லிஃப்ட் பக்கத்தில் வெயில் விழுகிற இடத்தில் வைத்தார். பாலகுமார் ஒரு அட்டையில், தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும், "இதைப் பிடுங்க வேண்டாம்" என்று எழுதிச் செருகினார். யசோதா அதைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி தொட்டியா? எங்க ஏரியா சாக்கடையில கேக்க ஆளில்லாம கெடக்கு" என்றார்.

அப்படிச் சொன்னாலும் வேலை முடிந்து போகும்போது தினம் இரண்டு இலை பறித்துக்கொள்கிறார். கை கொஞ்சம் ஆறியிருக்கிறது. கையுறை வாங்கிக் கொடுக்கச் சங்கத்தில் முடிவாகியிருக்கிறது, இன்னும் வரவில்லை.

கலெக்டரம்மா தினமும் காலையில் ஆறாவது மாடியிலிருந்து இறங்கி வருகிறாள். பெயின்ட் டப்பாவைத் தாண்டித்தான் போகிறாள். ஒரு முறைகூட அதை முகர்ந்து பார்த்ததில்லை. எனக்குத்தான் அவள் லிஃப்ட் கதவு பக்கம் வந்தாலே பதறுகிறது. மத்தியானம் ரெமிஜியஸ் வருகிற நேரத்தில் அவள் அங்கே இருந்தால், வெளிக்கதவைக் கடந்து வெயிலில் போய் உட்காரும் வரை பார்த்துக்கொண்டு நிற்பார். அதன் பிறகுதான் கேரியரோடு லிஃப்டில் ஏறுவார்.